ஓட்டைக் குடமும் முந்நூற்றெண்பது பக்கமும்

"இந்த அநியாயத்தைப் பாருங்க டீச்சர்!"

கோமதிநாயகம் வந்ததும் வராததுமாகத் தான் எழுதிய புத்தகத்தை மேஜைமேல் போட்டார். மத்தியான வெயிலில் மூன்று தெரு நடந்து வந்திருந்தார். செருப்பைக் கழற்றினாரா என்பதுகூட அவருக்கு நினைவில்லை.

சீடருக்கு வயது ஐம்பத்தாறு. குருவுக்கு முப்பத்தெட்டு. கற்றுக்கொள்ள வந்த இடத்தில் வயதை யார் பார்க்கிறார்கள்? சிறுவர்களுக்குக் கதை எழுதும் வித்தையை எஸ்தர் டீச்சரிடம் மூன்று வருஷமாகப் பாடம் கேட்கிறார்.

டீச்சர் புத்தகத்தைத் திறந்தார். நடுநடுவே கற்றை கற்றையாகப் பக்கங்களைக் காணோம்.

"யாரு செஞ்சா அண்ணாச்சி?"

"நூலகத்துக்குப் படிக்க வார ஒரு பிள்ளை. இசக்கிப்பிரியான்னு பேரு. ஆறாங்கிளாஸ். கிழிச்சதோட விட்டாளா? கிழிச்ச தாளையெல்லாம் நூல் போட்டுக் கட்டி, புத்தகத்தோட சேத்துத் திருப்பிக் குடுத்திருக்கா! என்ன நெஞ்சழுத்தம்!"

அந்தத் தாள்கட்டையும் எடுத்துப் போட்டார். கூடவே ஒரு மனு. இசக்கிப்பிரியாவின் நூலக அட்டையைப் பறிக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. நூலக வாசகர் வட்டத்துக்கு டீச்சர்தான் தலைவி. அவர் கையெழுத்துப் போட்டால் போதும், அந்தப் பிள்ளை இனி நூலக வாசலை மிதிக்க முடியாது.

கோமதிநாயகத்தின் கோபத்திலும் நியாயம் இருந்தது. அந்தப் புத்தகத்துக்கு மூலம் ஒன்றரைப் பக்கத்துப் பழங்கதை. சிற்றன்னை ஒருத்தி சிறுமியின் கையில் ஓட்டைக் குடத்தைக் கொடுக்கிறாள். பொழுது சாய்வதற்குள் தண்ணீர் வராவிட்டால் உன் தம்பிக்குச் சோறு கிடையாது என்று கிணற்றுக்கு விரட்டுகிறாள். கிணற்றுத் தவளைகள் ஓட்டையில் உட்கார்ந்து அடைத்துக்கொள்கின்றன. அவ்வளவுதான் கதை.

அதை இரண்டு வருஷம் முதுகொடிய உட்கார்ந்து, இளையோர் நாவலாக, முந்நூற்றெண்பது பக்கத்துக்கு வளர்த்திருந்தார். அதைக் கிழித்தால் வயிறு எரியாதா?

"ஏன் கிழிச்சேன்னு அவகிட்ட கேட்டாங்களா?"

"கேட்டாங்களே. 'அவளுக்கு நேரமாவுதுல்லா'ன்னு சொல்லுதா. எவளுக்கு நேரமாவுது? திமிரு டீச்சர், வேற என்ன?"

"கையெழுத்துப் போடலாம். அதுக்கு முன்னால, கிழிச்சது என்னன்னு வாசிங்க. கேப்போம்."

கோமதிநாயகம் கட்டைப் பிரித்தார். எல்லாமே சிற்றன்னையின் பக்கங்கள். அவள் பிறந்த வீட்டு வறுமை, தாய் செத்தது, மாமன் சூடு போட்டது, கட்டிக்கொண்டவன் ஒருநாள்கூட அவளிடம் முகம் கொடுத்துப் பேசாதது. கெட்டவர் என்று உலகத்தில் யாருமில்லை, எல்லாருக்கும் ஒரு காரணம் உண்டு. அதுதான் நாவலின் உயிர் என்று அவர் நம்பினார்.

முக்கால் மணி நேரம் வாசித்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்க அண்ணாச்சி." டீச்சர் மனதாரத்தான் சொன்னார்.

"இதைப் போய்க் கிழிச்சிருக்காளே பாவி! கொஞ்சம் தண்ணி குடுங்க டீச்சர். நாக்கு ஒட்டுது."

டீச்சர் எழுந்திருக்கவில்லை.

"தண்ணின்னு யாராவது கேட்டாலே எனக்கு ஆகாது. அதுக்கு ஒரு காரணம் இருக்கு. அப்போ எனக்கு எட்டு வயசு. எங்க தெருக் குழாயில மூணு நாளைக்கு ஒருக்கத்தான் தண்ணி வரும்..."

கோமதிநாயகம் மரியாதைக்குத் தலையாட்டினார்.

குழாயடியில் சண்டை வந்தது. சண்டையில் டீச்சரின் அம்மாவுக்கு மண்டை உடைந்தது. அப்பா கோபித்துக்கொண்டு தூத்துக்குடிப் பக்கம் உப்பள வேலைக்குப் போனார். வீட்டு அதிகாரம் பெரியப்பா கைக்கு வந்தது. பெரியப்பா ஏன் அப்படி ஒரு முரடர் ஆனார் என்று சொல்ல, அவருடைய சின்ன வயதுக்குப் போக வேண்டியிருந்தது.

பாவமான கதைதான். வேறொரு நேரமென்றால் கோமதிநாயகம் அழுதிருப்பார். இப்போது அவர் கண் அடுப்பங்கரையை விட்டு நகரவில்லை. பானை தெரிந்தது. பானைமேல் சொம்பும் தெரிந்தது.

"...அந்தப் பெரியப்பாவ வளத்தது ஒரு அத்தை. அவங்களுக்கும்..."

"டீச்சர்! நீங்க செய்யது நியாயமா? மனுசன் இங்க தாகத்துல சாவுதேன். உங்க பெரியப்பாவோட அத்தைக்கு என்ன ஆனா எனக்கென்ன? தண்ணியக் குடுங்க மொதல்ல!"

சொன்னது அவர் காதிலேயே விழுந்தது.

டீச்சர் போய்ச் சொம்பு நிறையக் கொண்டுவந்தார். கோமதிநாயகம் சட்டை நனைய நனைய மூச்சுவிடாமல் குடித்தார். குடித்து முடித்ததும், "கிணத்தடியில நிக்க பிள்ளைக்குல்லா நேரமாவுது" என்று முனகினார்.

டீச்சர் பேனாவைத் திறந்தார். "எந்த இடத்துல கையெழுத்துப் போடணும்?"

அவர் மனுவை இழுத்து, நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"அந்தப் பிள்ளை வீடு எங்க இருக்கு டீச்சர்?"

"எதுக்கு அண்ணாச்சி? சண்டை போடவா?"

"இல்ல. இன்னும் எதையெல்லாம் கிழிக்கணும்னு கேக்கணும்."