செருப்பு காத்த கேப்டன்

பூவாளம்பட்டு வழித்துணைப் பெருமாள் கோயில் வாசலில் ஒரு தகரக் கொட்டகை. அங்கே பக்தர்களின் செருப்புகளை வாங்கி வைத்துப் பித்தளை வில்லை கொடுத்துவந்தார் துளசிங்கம் என்னும் அடியவர். கூலி வாங்கமாட்டார். சேறு அப்பிய செருப்பானால் துடைத்து வைப்பார். விடிந்ததும் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிடுவதோடு சரி. இருபது ஆண்டுகளில் ஒருநாளும் அவர் கோயிலுக்குள் போனதில்லை.

அறியாதவர்கள் அவரைப் போக்கிடம் இல்லாதவர் என்று நினைப்பார்கள். பதினெட்டு வயதில் சிப்பாயாகச் சேர்ந்து, முப்பது ஆண்டு உழைத்து, கௌரவ கேப்டனாக ஓய்வு பெற்றவர் அவர். சொந்தக்காரர்களுக்கு இது பெரிய தலைக்குனிவு. "துப்பாக்கி புடிச்ச கை செருப்பு புடிக்குதே" என்று மச்சினர் ஒருவர் கடைத்தெருவிலேயே சொல்லிச் சிரித்தார். துளசிங்கனார் அந்த மச்சினரின் செருப்பையும் துடைத்துத்தான் வைத்தார்.

காரணம் பனிமலையில் இருந்தது. அங்கே அவர் சுபேதார். வீரர்கள் 'சாப்' என்று மரியாதையாக அழைப்பார்கள். மாலைதோறும் ஒவ்வொருவரும் காலுறையைக் கழற்றி அவரிடம் காலைக் காட்டவேண்டும். விரல் வெளுத்திருந்தால் பனி கடித்திருக்கிறது என்று பொருள். கவனிக்காமல் விட்டால் காலே போய்விடும். சுபேதார் மண்டியிட்டுச் சிப்பாயின் காலை மடியில் வைத்துத் தேய்ப்பதைச் சிலர் கேலி பேசினர். அவருக்கோ அதுவும் பெருமாள் கைங்கரியம்தான்.

ஒரு வைகுண்ட ஏகாதசி மாலை, பதுங்குகுழியில் பெருமாள் படத்தின் முன் அமர்ந்தவர் தம்மை மறந்தார். ரோந்து முடிந்து முனிரத்தினம் என்ற இளம் வீரன் காலைக் காட்ட வந்து நின்றான். "காலையில பாத்துக்கலாம்பா" என்று கண்ணைத் திறக்காமலே சொல்லிவிட்டார். மரத்த காலில் வலி தெரியாதே, பிள்ளை தூங்கிவிட்டான். விடிந்தபோது இரண்டு பாதமும் கறுத்திருந்தன. பட்டாளத்தின் ஓட்டப்பந்தய வீரன் அவன். முழங்காலுக்குக் கீழே இரண்டையும் எடுத்துவிட்டார்கள்.

மிச்சப் பணிக்காலம் முடிந்து ஊர் திரும்பிய கையோடு குடியாத்தத்தில் முனிரத்தினத்தின் வீட்டுக்குப் போனார். கதவு திறக்கவில்லை. "நீங்க உங்க சாமிகிட்டயே போங்க, சாப்" என்ற குரல் மட்டும் வந்தது.

நேரே கோயில் வாசலுக்கு வந்தார். "உன் திருவடியப் பாத்துக்கிட்டு அவன் கால விட்டுட்டேன். அவன் வந்து கூப்பிடாம உள்ள வரமாட்டேன்" என்று பெருமாளிடம் சொல்லிவிட்டுச் செருப்புகளின் நடுவே அமர்ந்தார். முனிரத்தினத்துக்கு ஆண்டுதோறும் எழுதிய கடிதங்களுக்குப் பதில் இல்லை.

அவர் மனைவி கனகம்மாள் தினமும் தனியே சேவித்துவிட்டுத் துளசியைக் கொண்டுவந்து அவர் கையில் வைப்பார். ஒருநாள் சேர்ந்து போய்வரலாமே என்று அந்த அம்மாள் கேட்டது ஒரே ஒரு தடவை, படுத்த படுக்கையான பிறகு. துளசிங்கனார் அழுதார். அம்மாள் போன பின் துளசி கொண்டுவரவும் ஆளில்லை. எழுதும் எனக்கே தாங்கவில்லை, பெருமாளுக்குத் தாங்குமா?

இருபதாம் ஆண்டு வைகுண்ட ஏகாதசி. கூட்டம் நெரிந்த முற்பகலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. தலை நரைத்த ஒருவர் ஊன்றுகோலோடு இறங்கிக் கொட்டகைப் பலகையில் அமர்ந்தார். முழங்காலுக்குக் கீழிருந்த செயற்கைக் கால்களைப் பூட்ஸோடு கழற்றி நீட்டினார். துளசிங்கனார் அவற்றை வாங்கித் துடைத்து வைத்தார்.

"மூணு நாளா இல்லாத கால் குளிருது, சாப்" என்றார் முனிரத்தினம். "கண்ண மூடினா, 'என் வாசல்ல ஒருத்தன் நிக்கிறான், போய்க் கூட்டிட்டு வா'ன்னு ஒரு குரல். என்னத் தூக்கிக்கிட்டு உள்ள வாங்க."

அப்போதும் முறை தவறாமல் வில்லையை அவர் கையில் கொடுத்துவிட்டு, அறுபத்தெட்டு வயதுக் கேப்டன் அவரை முதுகில் சுமந்து படியேறினார். சந்நிதியில் மெல்ல இறக்கி உட்காரவைத்தார். பட்டாச்சாரியார் பெருமாளின் திருவடியாகிய சடாரியை முனிரத்தினத்தின் தலையில் வைத்தார். பிறகு, பக்கத்தில் மண்டியிட்டுக் குனிந்திருந்த துளசிங்கனாரின் தலையில் வைத்தார். குனிந்த தலை நிமிரவில்லை.

"எழுந்திருங்க சாப்" என்று முனிரத்தினம் தோளைத் தொட்டார். உடல் சரிந்தது. சுற்றி நின்றவர்கள் வைத்தியரைத் தேடி ஓடினார்கள். கூட ஓட முனிரத்தினத்துக்குக் கால் இல்லை. அவர் அந்தப் பெரியவரின் பாதங்களை மடியில் எடுத்து வைத்துத் தேய்த்தார், தேய்த்தார், தேய்த்துக்கொண்டே இருந்தார். அவை சூடு பிடிக்கவில்லை.

செருப்பை எடுத்துக் கொடுக்க அன்று வாசலில் ஆளில்லை. கேலி பேசிய மச்சினர் உட்பட அத்தனை பேரும் வெறுங்காலோடு அவர் பாடையின் பின்னே நடந்தார்கள். பெருமாள் தாமே ஆள் அனுப்பி அழைத்துக்கொண்ட துளசிங்கனாரின் பாதங்களை நாமும் தலைமேல் வைத்துக்கொள்வோம்.