உட்கார்ந்தவனுக்கு முதல் டீ

பூவந்துறை கால்பந்து டீமுக்கு ஓர் ஆசான் உண்டு. பெயர் பனியடிமை. ஊரில் யாரும் அவரைக் கோச் என்று சொல்வதில்லை. சிலம்பத்துக்கும் வர்மத்துக்கும் ஆசான் இருக்கிற ஊரில் பந்துக்கு மட்டும் கோச்சா? அவரும் ஆசான்தான்.

அவருக்கு ஒரு சீடன், பெயர் கிளீட்டஸ். சீடன் என்றதும் மீசை முளைக்காத பையன் என்று நினைத்துவிடாதீர்கள். நாற்பதை நெருங்கிய ஆள், ரெண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், படகு இன்ஜின் மெக்கானிக். ஒருகாலத்தில் அவன் பின்வரிசையில் நின்றால் பந்து தாண்டாது என்று பேர் வாங்கியவன். வீங்கின முழங்காலோடு ஒரு ஃபைனல் ஆடினான். கப்பு வந்தது, கால் போனது. அதற்குப் பிறகு அவன் மைதானத்துப் பக்கமே தலைகாட்டவில்லை. வீடு தேடி வந்து கூப்பிட்டு, பக்கத்தில் உட்காரவைத்து, துணைக்கு வைத்துக்கொண்டவர் பனியடிமை ஆசான். அந்த நன்றிக்காகவே அவர் என்ன சொன்னாலும் கேட்பான் கிளீட்டஸ். கேட்பான், ஆனால் வாயை மூடிக்கொண்டு கேட்கமாட்டான்.

அந்த வருஷம் மழை விட்டபாடில்லை. மைதானம் குளமாகி லீக் ஆட்டங்கள் தள்ளிக்கொண்டே போயின. வெயில் முகம் காட்டியதும் சங்கத்துக்காரர்கள் மிச்சம் கிடந்த ஆட்டங்களையெல்லாம் ஒரே வாரத்தில் திணித்துவிட்டார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் மேட்ச். மனுஷன் கால் என்ன இரும்பா? யாரிடம் போய்க் கேட்பது!

பூவந்துறை பட்டியலின் அடியில் கிடந்தது. வழுக்கினால் ரெண்டாம் டிவிஷன்.

முதல் ஆட்டத்தில் ஜெயித்தார்கள். ரெண்டு கோலும் ரொசாரி போட்டது. ஊர் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போனது. அடுத்த ஆட்டத்துக்கு ஆசான் டீமைச் சொன்னபோது, அதில் ரொசாரி இல்லை. கூட மூன்று பேரும் இல்லை.

"ஆசானே, ஜெயிச்ச டீமை யாராவது மாத்துவாங்களா?" என்றான் கிளீட்டஸ்.

"மாத்தியாச்சே."

"ரொசாரிக்குப் பதிலா பெர்க்மான்ஸா? அவன் ஐஸ் பிளான்ட்டுல ஐஸ் பார் தூக்குறவன். பந்தையும் பார் மாதிரிதான் தள்ளுவான்."

"தள்ளட்டும்."

ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்தது. வேலிக்கு வெளியே நின்ற மீன்காரப் பெண்கள் ஆசானைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். "ஆசானுக்குப் புத்தி பிசகிப்போச்சு, எவனாவது எலுமிச்சம்பழம் தேய்ச்சு விடுங்கடே" என்று ஒருத்தி கத்தியது பக்கத்து ஊருக்கே கேட்டிருக்கும். ஆசான் அவளுக்கும் ஒரு கும்பிடு போட்டார்.

ஆட்டம் முடிந்ததும் டீக்கடைத் தங்கையன் கெட்டிலோடு வந்தான். ஆசான் டீமில் ரொம்ப வருஷமாக ஒரு வழக்கம் உண்டு. முதல் டீ, அன்றைக்கு ஆடாமல் உட்கார்ந்தவர்களுக்கு. பிறகு ஆடினவர்களுக்கு. கடைசி டீ ஆசானுக்கு. கோல் போட்டவன் நாக்கு வறண்டு நின்றாலும் இந்த வரிசை மாறாது.

தங்கையன் முதல் டம்ளரை ரொசாரியிடம் நீட்டினான். ரொசாரி வாங்கி, ஆசானைப் பார்த்துக்கொண்டே மணலில் கவிழ்த்தான்.



"ஆறிப்போச்சு போல," என்றார் ஆசான். "தங்கையா, சூடா இன்னொண்ணு ஊத்திக் குடு."

திரும்பும் வழியில், ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டே கிளீட்டஸ் கேட்டான். "ஆசானே, உட்கார்ந்தவனுக்கு எதுக்கு முதல் டீ? அவன் என்ன களைச்சுப் போனானா?"

"வள்ளம் கரை ஏறினா கறிக்கு எடுக்கிற முதல் மீன் யார் வீட்டுக்குப் போகும்?"

"மேலுக்கு முடியாம கடலுக்குப் போகாதவன் வீட்டுக்கு."

"அவன் என்ன களைச்சுப் போனானா?"

கிளீட்டஸ் வேகத்தைக் கூட்டினான். அவனுக்கு வாய் சும்மா இருக்காது.

"இன்னொண்ணு ஆசானே. நல்லா ஆடுறவன்கிட்ட 'இன்னைக்கு நீ உட்காரு'ன்னு எப்படிச் சொல்றது? நீங்க சொன்னா மூஞ்சியைத் தூக்கிக்கிட்டாவது உட்கார்றான். நான் சொன்னா சட்டையைப் பிடிப்பான்."

"சொல்லித் தர்றேன் மக்கா. பைய. முன்னால பள்ளம் கெடக்கு, பாத்து ஓட்டு."

மூன்றாம் ஆட்டத்தன்று காலையில் ஆசான் வீட்டிலிருந்து தகவல் வந்தது. மேலுக்குச் சுகமில்லையாம், காய்ச்சலாம். டீமைக் கிளீட்டஸே பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டாராம். அது எந்த ஊர்க் காய்ச்சலோ, வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

கிளீட்டஸ் யோசிக்கவே இல்லை. நல்ல ஆட்கள் பதினோரு பேரையும் இறக்கினான். ரொசாரிக்குக் கண்ணில் வெளிச்சம். பெர்க்மான்ஸ் பெஞ்சில் உட்கார்ந்தான். மூன்றுக்கு ஒன்று என்று ஜெயித்தார்கள். ரொசாரி போட்ட மூன்றாவது கோலுக்கு, போன ஆட்டத்தில் ஆசானைத் திட்டிய அதே பெண் குலவை போட்டாள். கிளீட்டஸுக்குத் தலைகால் புரியவில்லை. தங்கையனின் கையிலிருந்து கெட்டிலைப் பிடுங்கி, முதல் டீயைத் தானே ஊற்றி ரொசாரியின் கையில் கொடுத்து, அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். பிறகு ஆடினவர்களெல்லாம் குடித்தார்கள். கெட்டில் காலியானதை யாரும் கவனிக்கவில்லை.

மறுநாள் பயிற்சிக்கு ஆசான் திடமாக வந்து நின்றார். பெர்க்மான்ஸ் வரவில்லை.

"ஜெயிச்சீங்களாமே. கொள்ளாம், நல்ல காரியம்," என்றார் ஆசான். "முதல் டீ யாருக்குக் குடுத்த?"

கிளீட்டஸுக்கு அப்போதுதான் உறைத்தது. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேரே ஐஸ் பிளான்ட்டுக்குப் போனான்.

பெர்க்மான்ஸ் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு பார் இறக்கிக்கொண்டிருந்தான். கிளீட்டஸைப் பார்த்தும் நிற்கவில்லை.

"பெர்க்மான்ஸு, நேத்து நான் மறந்துட்டேன்டே."

"செரி."

"ஒரு டீக்காகவா பயிற்சிக்கு வராம இருக்க?"

பெர்க்மான்ஸ் பாரை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினான். கண் கலங்கியிருந்தது. "டீ என் வீட்டுல இல்லையாண்ணே? ஒவ்வொரு மேட்சுக்கும் பூட்ஸ் மாட்டிக்கிட்டு வந்து உட்கார்றேன். தங்கையன் முதல் டம்ளரை நீட்டும்போது, இவனும் இன்னைக்கு நம்ம கூட இருந்தான்னு பத்துப் பேர் திரும்பிப் பாப்பாங்க. அது போதும் எனக்கு. நேத்து நான் அங்க இருந்தேனா இல்லையான்னே யாருக்கும் தெரியல."

கிளீட்டஸ் தானும் இன்னொரு சாக்கை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, லாரி காலியாகும்வரை கூட நின்று பார் இறக்கினான். முழங்கால் வலித்தது. வலிக்கட்டும் சவம் என்று விட்டுவிட்டான்.

முடிந்ததும் பெர்க்மான்ஸ் கேட்டான். "நாளைக்கு எத்தனை மணிக்குண்ணே வரணும்?"

அந்தக் கேள்விக்காகக் கிளீட்டஸ் அவன் காலில் விழுந்திருப்பான். இடம் ஈரமாகக் கிடந்தது.

கடைசி ஆட்டம். ஜெயிக்காவிட்டால் ரெண்டாம் டிவிஷன். ஊரில் வள்ளம் ஒன்றுகூடக் கடலுக்குப் போகவில்லை. கோவிலில் பூசையைச் சீக்கிரம் முடித்துவிட்டு ஃபாதரும் வந்து நின்றார்.

ரொசாரி பைக்கிலிருந்து இறங்குவதைக் கிளீட்டஸ் தூரத்திலிருந்தே பார்த்தான். இடது காலை ஊன்றி, வலது காலை மெல்ல இழுத்து வைத்தான். நெருங்கி வந்தபோது மருந்து நெடி அடித்தது. தொடையில் இறுக்கிக் கட்டிய கட்டு நிக்கருக்குக் கீழே எட்டிப் பார்த்தது.

"கால் எப்படி இருக்கு?"

"ஒண்ணுமில்லண்ணே. கல்லு மாதிரி இருக்கு."

இதே பொய்யை, இதே சிரிப்போடு, ஒருகாலத்தில் கிளீட்டஸும் சொல்லியிருக்கிறான். அன்றைக்குக் கேட்டவர்களும் நம்பின மாதிரி தலையாட்டினார்கள். கிளீட்டஸ் ஓடிப் போய் ஆசானிடம் சொன்னான்.

"ஆசானே, முந்தாநேத்து எல்லாரையும் ஓட்டிக் கெடுத்துட்டேன். ரொசாரிக்குத் தொடை பிடிச்சிருக்கு. ஆடினா கிழிஞ்சிரும். நீங்களே டீமைச் சொல்லிருங்க."

"நீதான் இன்னைக்கு."

"நானா? ஆசானே, ஊரே உங்களை நம்பி வந்து நிக்குது."

"ஆமா."

"இது கடைசி மேட்ச்."

"ஆமா."

"தோத்துட்டா?"

"ரெண்டாம் டிவிஷன்லயும் கோல் போஸ்ட் ரெண்டுதான் மக்கா."

சொல்லிவிட்டு ஆசான், பெஞ்சில் இருப்பவர்கள் போட்டுக்கொள்ளும் ஆரஞ்சு கலர் கையில்லாச் சட்டை ஒன்றை எடுத்தார். வெள்ளைச் சட்டைக்கு மேலே மாட்டினார். வயிற்றுக்கு எட்டவில்லை. இழுத்து விட்டுக்கொண்டு பெஞ்சின் ஓரத்தில் போய் உட்கார்ந்தார். வேலிக்கு வெளியே சிரிப்பு வெடித்தது. "ஆசானே, எந்தப் பக்கம் ஆடப் போறிய?" என்று எவனோ கேட்டான். ஆசான் அவனுக்கும் ஒரு கும்பிடு போட்டார்.

கிளீட்டஸ் ரொசாரிக்கு முன்னால் போய் நின்றான்.

"ரொசாரி, இன்னைக்கு நீ உட்காரு."

ரொசாரியின் கழுத்து நரம்பு புடைத்தது. ஒரு அடி முன்னால் வந்தான். கிளீட்டஸ் நகரவில்லை. ரொசாரியின் கண் அவன் தோளைத் தாண்டிப் பெஞ்சுக்குப் போனது. அங்கே, ஊரே கேலி பேச, ஆரஞ்சுச் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு ஆசான் உட்கார்ந்திருந்தார்.

"வா மக்கா, இடம் கெடக்கு," என்று நகர்ந்து கொடுத்தார்.

ரொசாரி அவரையே பார்த்தபடி நின்றான். பிறகு நொண்டிக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தான்.

ஆட்டம் தொடங்கியது. எதிர் டீம் வாரம் முழுக்க ஒரே பதினோரு பேரை வைத்து ஓட்டிய டீம். இடைவேளைக்குப் பிறகு அவர்கள் கால் பின்னத் தொடங்கியது. ரொசாரிக்குப் பதில் இறங்கிய பெர்க்மான்ஸோ செக்கில் கட்டின மாடு அவிழ்ந்த மாதிரி ஓடினான். ஆனாலும் பந்து வலைக்குள் போவேனா என்றது. கிளீட்டஸ் தவித்துப்போய் ஆசானைத் திரும்பிப் பார்த்தான். அவர் ரொசாரியோடு வறுத்த கடலை கொறித்துக்கொண்டிருந்தார். ஒரு சைகை இல்லை, ஒரு சத்தம் இல்லை. மறுபடி திரும்பியபோதுதான் அவர் கையைப் பார்த்தான். கடலை முழுக்க உள்ளங்கையில் பொடிப்பொடியாகக் கிடந்தது. வாயில் ஒன்றுகூடப் போகவில்லை. அதற்குப் பிறகு அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆட்டம் முடியும் தறுவாயில் கோல் வாயில் ஒரே தள்ளுமுள்ளு. பந்து யார் யார் மேலோ பட்டு, கடைசியாகப் பெர்க்மான்ஸின் முழங்காலில் பட்டு உள்ளே உருண்டது. அழகான கோல் என்று அவன் பெண்டாட்டிகூடச் சொல்லமாட்டாள். போனது போனதுதான். ரெஃபரி விசில் ஊதினார். பூவந்துறை முதல் டிவிஷனிலேயே நின்றது.

ஊர் வேலியை மிதித்துக்கொண்டு உள்ளே பாய்ந்தது. பெர்க்மான்ஸைத் தூக்கினார்கள். அவன் அழுதுகொண்டே சிரித்தான். கிளீட்டஸையும் தூக்க வந்தார்கள். அவன் கைகளை விலக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் தங்கையனைத் தேடினான்.

முதல் டம்ளரை வாங்கினான். வழியில் பெர்க்மான்ஸ், "கொண்டு போண்ணே, ஆறிரும்," என்று தோளின் மேலிருந்தே கத்தினான். கிளீட்டஸ் டீ தளும்பாமல் பெஞ்சுவரை நடந்தான். ஆசானுக்கு முன்னால் நின்றான். கால் போய் வீட்டில் கிடந்த தன்னைக் கூப்பிட வந்த நாளுக்கும், இன்றைக்கு உட்கார்ந்ததற்கும் சேர்த்து நன்றி சொல்ல வேண்டும் என்றிருந்தது. வாய் ஓயாத மனுஷன், டம்ளரை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றான்.

ஆசான் டம்ளரைப் பார்த்தார். பக்கத்தில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்த ரொசாரியைப் பார்த்தார்.

"எனக்கு இன்னைக்குத்தான் மக்கா முதல் தடவை. உட்கார்றதுல இவன் எனக்கு மூத்தவன். இவனுக்குக் குடு."