ஒன்பது பொம்மைகளும் உடைந்த அச்சும்

முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. பெயரைச் சொன்னால் பக்கத்து நாட்டுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்பதால் பெயர் வேண்டாம். அந்த நாட்டை வீரகேது என்ற ராஜா ஆண்டு வந்தார். அவருக்கு ஒரே மகள், செண்பகவல்லி. அவருடைய சபையில் உலகளந்தான் என்றொரு விகடகவி இருந்தான். பெயர்தான் உலகளந்தான், அரியணைப் படியில் ஏறி நின்றால்தான் ராஜாவின் தோளுக்கு எட்டுவான்.

உலகளந்தான் சொல்லும் வேடிக்கைக்குச் சபை முழுவதும் சிரிக்கும். ஆனால் ராஜா சிரிக்கிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் சிரிக்கும். செண்பகவல்லி அப்படியில்லை. அவன் வாயைத் திறந்து பாதி சொல்வதற்குள் விழுந்து விழுந்து சிரித்துவிடுவாள். மீதியை எப்படி முடிப்பதென்று தெரியாமல் அவன் திண்டாடியதும் உண்டு.

அவளை ஆற்றுக்கு அக்கரையில், வெகுதூரத்து நாட்டில் கட்டிக்கொடுத்தார்கள். படகில் ஏறும்போது ஒரு கையால் சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தோளுக்கு மேலாக ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அந்தத் தோற்றத்தை ராஜாவால் மறக்க முடியவில்லை. சாத்தையா என்ற பொம்மைக்காரரை வரவழைத்து, அதே நிலையில் அச்சுச் செய்து, ஒன்பது மண்பொம்மைகள் வார்க்கச் சொன்னார். ஒன்று மகாராணிக்கு. மற்ற எட்டும் சபையின் பெரிய மனிதர்களுக்கு. உலகளந்தானுக்கு ஒன்றும் இல்லை. ராஜா பெரியவர்களை எண்ணும்போது அவன் கண்ணில் படவில்லை போலும்.

ஒன்பதும் ஆனதும் ராஜாவுக்குப் பெருமை தலைக்கேறிவிட்டது. சாத்தையாவின் கையாலேயே அச்சை உடைக்கச் செய்து, "என் மகள் ஒருத்திதான். இனி இந்த மண்ணில் இப்படியொரு பொம்மை பிறக்காது. இது ராஜவாக்கு!" என்று ஊரெங்கும் முரசறையச் சொன்னார்.

வருடங்கள் ஓடின. செண்பகவல்லி தாய்வீட்டுக்கு வரவேயில்லை. மருமகன் அவளை அழைத்து வரட்டும் என்று இந்த அரண்மனை காத்திருந்தது. மாமனார் முதலில் வரட்டும் என்று அந்த அரண்மனை காத்திருந்தது. மகாராணிக்கு அந்தப் பொம்மைதான் துணை. காலையில் அதனிடம் பேசிவிட்டுத்தான் மற்றவர்களிடம் பேசுவாள்.

ஒருநாள் தோட்டத்துக் குரங்கொன்று சாளரம் வழியாக உள்ளே வந்தது. தேங்காய் என்று நினைத்ததோ என்னவோ, பொம்மையைத் தூக்கி முற்றத்துக் கல்லில் ஓங்கி அடித்துவிட்டுப் போய்விட்டது. மகாராணி அழவில்லை. துண்டுகளை மடியில் பொறுக்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மற்ற எட்டுப் பொம்மைகள் இருந்தனவே என்று கேட்பீர்கள். இருந்தன. ஆனால் 'இனிமேல் கிடைக்காது' என்ற சொல்லுக்கு ஒரு மயக்கம் உண்டு. மந்திரிகளில் மூத்தவரான பிரதானி அரங்கேசர், ஒருவருக்குத் தென்னந்தோப்பையும் இன்னொருவருக்குக் கறவை மாடுகளையும் மற்றொருவருக்குப் பொன்னையும் கொடுத்து, தம்முடையதோடு சேர்த்து நான்கு பொம்மைகளைத் தம் வீட்டில் சேர்த்துவிட்டார். மற்ற நால்வரும் தங்களுடையதை வெளியில் எடுப்பதேயில்லை. மகாராணியே அவர் வீட்டுக்கு நடந்து போய், "ஒரே ஒருமுறை முகத்தைப் பார்த்துவிட்டுப் போகிறேன்" என்று கேட்டாள்.

"தாயே, மன்னிக்க வேண்டும். காற்றுப் பட்டால் வண்ணம் மங்கும். கண் பட்டாலும் ஆகாது" என்று சொல்லி, இரும்புப் பெட்டியைத் திறந்து பட்டுத்துணி மூட்டைகளைத் தூரத்திலிருந்து காட்டினார் பிரதானி. மகாராணி அந்தப் பட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது ராஜாவுக்கு அழகில்லை. புதிதாகச் செய்யச் சொன்னால் வாக்குப் போகும். வீரகேது தவித்தார். தவிப்பு முற்றினால் ராஜாக்களுக்குக் கோபம்தான் வரும். ஒருநாள் சபையில் கத்தினார்.

"என் மகள் பொம்மை ஒன்று மகாராணியின் கைக்கு வந்தாக வேண்டும்! என் வாக்கும் உடையக் கூடாது! கொடுத்தவர்களிடம் கேட்கவும் கூடாது! இந்தச் சபையில் இதற்கு வழி சொல்ல ஒருவருமில்லையா?"

பிரதானி மெல்ல எழுந்தார். உலகளந்தான் மேல் அவருக்கு நெடுநாள் புகைச்சல்.

"மகாராஜா, நம் விகடகவி அவிழ்க்காத முடிச்சும் உண்டா? அவரிடமே ஒப்படைக்கலாம். தை பிறப்பதற்குள் கொண்டு வராவிட்டால், வெறும் வாய்ச்சவடால் என்று கருதி நாட்டைவிட்டு அனுப்பிவிடலாம்."

சபை உலகளந்தானைப் பார்த்தது. வழக்கமாக இப்படிப்பட்ட நேரத்தில் அவனுக்கு நாக்கு நுனியில் ஏதாவது வந்து நிற்கும். அன்று வரவில்லை. பட்டு மூட்டைகளைப் பார்த்துவிட்டுத் தெருவில் நடந்து வந்த மகாராணியின் முகம்தான் வந்தது.

"ஒரு படகும் சாத்தையாவும் வேண்டும், மகாராஜா. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றான்.

படகு புறப்பட்டது. சாத்தையா ஓரமாக உட்கார்ந்து நெடுநேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஐயா, தப்பா நெனைக்காதீங்க. பொம்ம வெச்சிருக்கறவங்க பக்கமும் ஒரு நியாயம் இருக்குல்ல? ஒம்பதுதான்னு முரசடிச்சுக் குடுத்தோம். பத்தாவது ஒண்ணு வந்தா, முன்ன வாங்குனவங்க ஏமாந்தவங்களா ஆயிடமாட்டாங்களா? அச்ச ஒடச்சது என் கை. அந்தக் கையே எப்படி மறுபடி செய்யும்?"

"சாத்தையா, அவங்க வாங்கினது பொம்மையையா? இல்ல, அது மத்தவங்க கையில இல்லேங்கறதையா?"

சாத்தையா யோசித்தார். "ரெண்டையுந்தான் வாங்குனாங்க ஐயா. ரெண்டையுந்தான நாம குடுத்தோம்."

 உலகளந்தானும் தண்ணீரைப் பார்க்கத் தொடங்கினான்.

வழியெல்லாம் அவன் ஒரு வேடிக்கைக் கதையைத் தயார் செய்துகொண்டே போனான். செண்பகவல்லியைப் பார்த்ததும் சொல்ல வேண்டும். எந்த இடத்தில் சிரிக்கிறாள் என்று பார்க்க வேண்டும். அக்கரை அரண்மனை முற்றத்தில் அவள் எதிரே வந்தாள். உடம்பு கொஞ்சம் பருத்திருந்தது. தலைமுடி கலைந்திருந்தது. இடுப்பில் ஒரு குழந்தை, அம்மாவின் காதுத் தோட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. உலகளந்தானுக்குக் கதை முழுவதும் மறந்துபோயிற்று.

"உலகு மாமா!" என்று கூவிக்கொண்டே ஓடிவந்தாள். "என்ன மாமா இது, இன்னும் அதே உயரத்துலதான் இருக்கீங்களா?"

"உங்களுக்குத் தெரியாம வளரக் கூடாதுன்னு காத்துக்கிட்டிருக்கேன் தாயி."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருக்கும்போது கண் நிறைந்துவிட்டது.

"அம்மா சாப்பிடறாளா?"

பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தான். முடியவில்லை. குரங்கு, பொம்மை, பிரதானி, பட்டுத்துணி எல்லாவற்றையும் சொன்னான். செண்பகவல்லி குழந்தையின் விரல்களைத் தோட்டிலிருந்து ஒவ்வொன்றாக விடுவித்தாள்.

"பொம்மைய வெச்சுப் பேசிக்கிட்டிருந்தாளா? நான்தான் இங்க இருக்கேனே மாமா. வந்து பார்க்கணும்னு ஒருத்தருக்கும் தோணலியா?"

"நீங்க வருவீங்கன்னு அங்க காத்திருந்தாங்க."

"அவங்க வருவாங்கன்னு நான் காத்திருந்தேன்" என்றாள் அவள்.

மறுநாள் அவளே ஆற்றங்கரைக்கு வந்தாள். அந்த ஊரில் அவள் முதன்முதலாகக் கால் வைத்த படித்துறையின் ஓரத்தில், தன் கையாலேயே களிமண்ணைத் தோண்டிக் கொடுத்தாள். அச்சு இல்லை, எனவே சாத்தையா அவளை எதிரில் நிற்க வைத்துப் பார்த்துப் பார்த்துப் பிசைந்தார். அங்கேயே சுட்டார், அங்கேயே வண்ணம் தீட்டினார்.

தை பிறப்பதற்கு முன்பே படகு திரும்பியது. சபை கூடியது. மகாராணியும் வந்து ராஜாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். உலகளந்தான் துணியை விலக்கினான்.

பிரதானி துள்ளி எழுந்தார். "மகாராஜா! ராஜவாக்கு உடைந்துவிட்டது! இளவரசியின் பொம்மையை மறுபடி செய்துவிட்டான்!"

"முரசறைந்தவர் இங்கேதான் இருக்கிறார். அன்று சொன்னதை இன்னொருமுறை சொல்லட்டும்" என்றான் உலகளந்தான்.

முரசறைவோன் முன்னால் வந்து குரலெடுத்துச் சொன்னான்: "இனி இந்த மண்ணில் இப்படியொரு பொம்மை பிறக்காது!"

"கேட்டீர்களா மகாராஜா? இந்த மண்ணில் பிறக்காது. இது அந்த மண்ணில் பிறந்தது. அந்த மண்ணாலேயே பிறந்தது. இளவரசியின் கை தோண்டிய மண். இந்த நாட்டு மண் இதில் ஒரு துளியும் இல்லை."

சபையில் சிரிப்பு எழுந்தது. பிரதானி விடவில்லை.

"சொல்விளையாட்டு! சரி, அப்படியே இருக்கட்டும். ஆனால் இது அதே பொம்மை இல்லையே! அதில் இளவரசி திரும்பிப் பார்க்கிறாள். இதில் நேராகப் பார்க்கிறாள். இடுப்பில் குழந்தை வேறு. எனவே விகடகவி தோற்றார்!"

"பிரதானியாரே, இது அதே பொம்மை என்றால் நான் ஜெயித்தேன். வேறு பொம்மை என்றால் வாக்கும் உடையவில்லை, உங்கள் பொம்மைகளுக்கும் குறைவில்லை. பிறகு எதற்கு இந்தப் பதற்றம்? மகாராஜா கேட்டது 'என் மகள் பொம்மை'. இது அவர் மகள் இல்லை என்று நீங்கள் சொன்னால், நான் இப்போதே படகேறிவிடுகிறேன்."

ராஜாவின் மகளை மகள் இல்லை என்று யார் சொல்வார்கள்? பிரதானிக்கு முகம் சிவந்தது. "ஒப்பிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். எது உண்மையான பொம்மை என்று சபையே சொல்லட்டும்!" என்று ஆளனுப்பித் தம் இரும்புப் பெட்டியைக் கொண்டுவரச் செய்தார்.

பெட்டி வந்தது. முதல் மூட்டையைப் பிரித்தார். பட்டுத்துணி எளிதில் விலகவில்லை. இழுத்தார். துணியோடு முகமும் வந்துவிட்டது. எத்தனையோ மழைக்காலத்து ஈரம் பெட்டிக்குள் புழுங்கி, வண்ணமெல்லாம் பட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. கண்ணும் இல்லை, வாயும் இல்லை. கொசுவத்தைப் பிடித்த கை மட்டும் இருந்தது. அடுத்ததும் அப்படியே. நான்கும் அப்படியே.

 மகாராணியின் வாயிலிருந்து சின்னதாக ஒரு சத்தம் வந்தது.  உலகளந்தானும் இதை எதிர்பார்க்கவேயில்லை. எல்லாவற்றையும் கொடுத்துச் சேர்த்தவர், வெறும் மண்முகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பிரதானியாரே" என்றான் உலகளந்தான், குரலைத் தாழ்த்தி. "கண் படக் கூடாது என்று பொத்திப் பொத்தி வைத்தீர்கள். கண்ணே இல்லாமல் போயிற்று."

முதலில் சிரித்தவர் ராஜாதான். அரியணைக் கைப்பிடியைத் தட்டித் தட்டிச் சிரித்தார். பிறகு சபை சிரித்தது. கடைசியில் பிரதானியே, வேறு வழி தெரியாமல், அழுகையும் சிரிப்புமாக உட்கார்ந்துவிட்டார்.

சாத்தையா முன்னால் வந்து கும்பிட்டார். "மகாராஜா, அந்த நாலுக்கும் நான் முகம் எழுதித் தர்றேன். மொத ஒம்பதும் மொத ஒம்பதுதான். அந்தப் பேர யாரும் எடுத்துக்க முடியாது. இனிமே செய்யறதுக்கு அடியில வேற குறி போட்டுடறேன். உத்தரவு மட்டும் குடுங்க. ஆசப்பட்டுக் கேக்கறவங்கள இல்லேன்னு சொல்லி அனுப்பி அனுப்பி எனக்கு வாய் வலிக்குது."

"உத்தரவு கொடுத்தோம்" என்றார் ராஜா. "எந்த மண்ணில் வேண்டுமானாலும் செய்!"

மகாராணி புதுப் பொம்மையை மடியில் வைத்திருந்தாள். குழந்தை பிடித்திழுக்கும் தோட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"அந்தப் பொம்மை போகிறவள் மாதிரி இருக்கும். இவள் இருக்கிறவள் மாதிரி இருக்கிறாள்" என்றாள். பிறகு உலகளந்தானைப் பார்த்தாள். "அவள் என்ன சொல்லியனுப்பினாள்?"

"காத்திருக்கிறேன் என்றாள், தாயே."

மகாராணி எழுந்தாள். "படகு இன்னும் துறையில்தானே நிற்கிறது?"

அவ்வளவுதான். வழிச்சோறு கட்டச் சொல்லிச் சமையற்கட்டுக்குக்கூட ஆள் போகவில்லை. மாற்றுச் சேலையோடு மகாராணி படகில் ஏறிவிட்டாள். பின்னாலேயே வந்த ராஜா, துறையில் நின்று, யாருக்கும் கேட்காதபடி உலகளந்தானிடம் குனிந்தார்.

"என்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லையா அவள்?"

"கேட்டாள் மகாராஜா. அப்பா ஏன் வரவில்லை என்று கேட்டாள்."

 ராஜா கிரீடத்தைக் கழற்றி, கூடவே வந்திருந்த பிரதானியின் கையில் கொடுத்தார். "நாட்டைப் பார்த்துக்கொள்ளும், அரங்கேசரே. பட்டில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிடாதீர்!" என்று சொல்லிவிட்டு, தாமே வாய்விட்டுச் சிரித்தபடி படகில் கால் வைத்தார்.

"உனக்கு என்ன வேண்டும், உலகளந்தான்? கேள்!"

அவன் கேட்பதற்குள், மகாராணி படகிலிருந்தபடியே பொம்மையை அவன் பக்கம் நீட்டினாள். "இது உனக்கு. எனக்கு இனி இது எதற்கு?" என்றாள்.

படகு போய்விட்டது. உலகளந்தான் பொம்மையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஊருக்குள் நடந்தான். வழியில் பார்த்தவர்களெல்லாம், "யாருங்க இது? எங்க, குடுங்க பார்ப்போம்" என்று கை நீட்டினார்கள். அவன் ஒவ்வொரு வாசலிலும் நின்று நின்று காட்டிக்கொண்டே போனான். வீடு போய்ச் சேர வெகுநேரம் ஆயிற்று.