பாயசத்தில் விழுந்த புழுதி

முன்னொரு காலத்தில், ஆற்றங்கரைத் தலைநகர் ஒன்றில், அரசர் உப்பரிகையில் அமர்ந்து பாயசம் குடித்துக்கொண்டிருந்தார். தெருவில் ஒரு தேர் பறந்தது. அடுத்த வாய் நறநறவென்று கடிபட்டது.

பிறந்தது ஆணை: "ஒவ்வொரு வண்டிக் கொட்டகையிலும் உள்ள ஊர்திகள் கிளப்பும் புழுதியை மொத்தமாக அளந்து, ஊர்திக்கு இவ்வளவென்று வகுத்துப் பாருங்கள். ஒரு படிக்கு மிஞ்சினால் கொட்டகைக்காரன் நாட்டைவிட்டுப் போகட்டும்!"

அமைச்சர் திருமலைராயருக்கு உள்ளம் குளிர்ந்தது. சபையில் தம்மைக் கேலி செய்யும் விகடகவி அழகர்நம்பியின் உப்பு வண்டிகள் வந்தால் தெருவே மறைந்துவிடும். ஏதாவது சாக்குச் சொல்லி அவர் தப்பக் கூடாதே என்று, 'மனிதர் ஏறிச் செல்வது எதுவானாலும் ஊர்தியே' என ஆணையில் தாமே ஒரு வரி சேர்த்தார். தம் தேர்களைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. தேரில் நிற்பவர் பின்னால் எழும் புழுதியைப் பார்ப்பதில்லை.

நம்பி ஆற்றங்கரையில் உட்கார்ந்து படகுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சாமி, ஊரையே சிரிக்க வைக்கிற ஆளு, வாயே தொறக்கலை?" என்றான் படகோட்டி பேச்சிமுத்து.

"உன் படகு எவ்வளவு புழுதி கிளப்பும்?"

"வெயிலு தலைக்கேறிடுச்சா சாமி?"

"உங்கள் படகுகளை என் கொட்டகையில் சேர்த்துவிடுங்கள். வேண்டிய உப்பு தருகிறேன்."

"இல்லாத புழுதிக்கு உப்பா! சேத்துக்குங்க."

அளவை நாளன்று, அரசரும் சபையும் பார்த்திருக்க, ஊர்திகளுக்குப் பின்னே வெள்ளைத் துணி பிடித்து, உதறி அளந்தார்கள். நம்பியின் வண்டிகள் கிளப்பிய புழுதியைப் படகுகளுக்கும் சேர்த்து வகுத்தபோது அரைப்படிகூடத் தேறவில்லை.

"மோசடி, மன்னா! படகு எப்படி ஊர்தியாகும்?" என்று துள்ளினார் அமைச்சர்.

"ஆணையின் கடைசி வரி தாங்கள் எழுதியதல்லவா, பிரபு?" என்றார் நம்பி.

சபை கொல்லென்று சிரித்தது. அடுத்து அமைச்சரின் தேர்களை அளந்தார்கள். படி நிரம்பி வழிந்தது. அவர் முகம் வெளுத்தது.

"நம்பி... தங்கள் கொட்டகையில் எனக்கும் இடமிருக்குமா?"

அரசர் கையை உயர்த்தினார். "கணக்கில் புழுதி குறைந்தது. என் பாயசத்தில் குறையவில்லையே!"

நம்பி ஆற்றுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு அரசரை வணங்கினார்.

"அமைச்சருக்கு இடமுண்டு, மன்னா. ஒரே நிபந்தனை. எங்கள் படகுகள் குடம் குடமாக ஆற்று நீர் கொண்டுவரும். தினமும் தேரும் வண்டியும் கிளம்புமுன் அமைச்சரே முன்னின்று தெரு முழுக்கத் தெளிக்க வேண்டும்."

மறுநாள் காலை தெருவில் மண்வாசனை கமழ்ந்தது. அரசர் பாயசத்தைச் சுவைத்தார். பல்லில் எதுவும் கடிபடவில்லை. கீழே, முழங்கால்வரை சேறும் இடுப்பில் குடமுமாக அமைச்சர்!

வயிறு குலுங்கச் சிரித்த அரசர், தம் முத்துமாலையைக் கழற்றி நம்பிக்குச் சூட்டினார். படகோட்டிகளுக்கு அண்டாவோடு பாயசம் போயிற்று.

"அமைச்சருக்கும் ஒரு கிண்ணம் கொடுங்கள்," என்றார் அரசர். "பாவம், என் பாயசத்துக்காக உழைத்திருக்கிறார்!"