இலுப்பையின் காயத்தில் புகுந்த காளான்

விதைக்குள் மரத்தையும் மரத்துக்குள் விதையையும் ஒளித்துவைத்து விளையாடும் ஈசன் திருவடி போற்றி.

அந்தக் காலத்தில், மரமும் புல்லும் மனிதரோடு பேசிய நாளில், காளானுக்கு இறைவன் ஒரு கட்டளை இட்டிருந்தான்: "விழுந்தது உன் உணவு. உண்டதை மண்ணாக்கி மரத்தின் காலடியில் வை." காட்டில் காளான் அவ்வாறே வாழ்ந்தது. முதிர்ந்த மரம் தானே அழைத்து, "என் நடுக்கட்டை எனக்குப் பாரம், எடுத்துக்கொள்" என்றால் மட்டும் உள்ளே போகும்; குடைந்த பொந்தைக் கிளிக்கும் ஆந்தைக்கும் விட்டுவைக்கும்.

அக்காட்டிலிருந்து ஓர் இலுப்பைக் கன்றைக் கோயில் பிராகாரத்துக்குக் கொண்டுவந்தாள் உமையாள் என்னும் அடியவள். வேர்மண்ணோடு காளானும் வந்தது. மரம் வளர்ந்தது, அதன் எண்ணெயில் கருவறை விளக்கு எரிந்தது. பிள்ளையில்லாத உமையாளுக்கு அதுவே பிள்ளை. விடிந்ததும் அதன் அடியில் ஒரு சருகு மிச்சமில்லாமல் பெருக்கி அள்ளிவிடுவாள்.

காளான் பசித்து நின்றது. "ஆச்சி, நாலு சருகை விட்டுப் போகக்கூடாதா?"

"மழையே இல்லை, குடை பிடித்து நிற்கிறாய். இதில் ஈசன் முற்றத்தை வேறு குப்பையாக்கச் சொல்கிறாய். நன்றாயிருக்கிறது" என்று சிரித்தாள் உமையாள்.

சுவாமி புறப்பாட்டுக்கு ஒரு கிளை இடித்தது. அதை வெட்டுவித்தாள்.

"அந்தக் கிளையையாவது கொடு, ஆச்சி."

"சுவாமிக்குப் பொங்கல் வேக வேண்டும். உனக்கு எதற்கு?" விறகு மடைப்பள்ளிக்குப் போயிற்று.

காளான் வெட்டுக்காயத்தருகே ஏறித் தயங்கியது. "நீ அழைக்கவில்லை. ஆனாலும் பசி பொறுக்கவில்லை."

"எனக்கும் பசிதான்" என்றது இலுப்பை. "என் சருகு மண்ணாகி என்னிடம் வந்து எத்தனை காலமாயிற்று. இந்தக் காயத்தை மூட எனக்கு வலுவில்லை. வா."

காளான் புகுந்தது. பின்னொரு நாள் மரத்தைத் தட்டிய உமையாளின் காதுக்கு உள்ளே வெறுமை கேட்டது.

"வெளியே வந்துவிடு, அப்பா. என் பிள்ளையை விட்டுவிடு."

"புகுந்தபின் திரும்பத் தெரியாது, ஆச்சி. தின்னத்தான் தெரியும். காட்டில் இது சாய்ந்தால் மண் ஏந்திக்கொள்ளும். இங்கே அடியார் தலைமேல் அல்லவா சாயும்?"

உமையாள் மரத்துக்குக் கல்தூண் முட்டுக் கொடுத்தாள். மறுநாள் உதிர்ந்த சருகை உதிர்ந்த இடத்திலேயே விட்டாள். அதைக் கண்ட காளான் மனம் இளகி, "இனி மெதுவாக உண்பேன். உன் ஆயுளுக்கு உன் பிள்ளை நிற்கும்" என்றது. அப்படியே நின்றது.

காட்டில் காளான் புகுந்த மரம் அன்றும் இன்றும் பல உயிர்க்கு வீடாகிறது. ஊரில் காளான் புகுந்த மரமோ, அன்று முதல்தான், மனிதரை அஞ்சவைத்து, அவர் கைத்தாங்கலில் நிற்கிறது.

இதைக் கேட்டவர் குலமும் அவர் நட்ட மரமும் ஈசன் அருளால் வேர்விட்டுத் தழைக்க.