பையில் இருபத்து மூன்று

சந்தியாகு முப்பத்திரண்டு வருஷம் போலீஸில் இருந்தவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் சந்தேகப் புத்தி அவரை விடவில்லை. பெற்ற மகள் காப்பி கொடுத்தால்கூட முகர்ந்து பார்த்துத்தான் குடிப்பார். அவள் பேச்சை நிறுத்தி ஒரு வருஷமாகிறது.

செபவீட்டுக்கு வந்து, அங்கே தியானம் சொல்லித் தருகிற, தம்மைவிட இருபது வயது இளைய சலேத் சிஸ்டரிடம் கேட்டார்.

"இந்தப் பாழாய்ப்போன சந்தேகத்தை எப்படி விடுறது? என்னைச் சேர்த்துக்கிட்டுச் சொல்லித் தருவீங்களா?"

"சனிக்கிழமை பழைய கோயில்களைப் பார்க்க வேன் போகுது. வாங்க, அண்ணாச்சி."

முதல் கோயிலில் எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிஸ்டர் மட்டும் மாதா சிலை நிற்கும் கெபிப் பக்கம் ஒதுங்கி, எதையோ கைக்குட்டையில் சுருட்டித் துணிப்பைக்குள் போட்டார். சந்தியாகு கண்ணுக்கு அது தப்புமா?

இரண்டாவது கோயிலில், பீடத்தைக் கவனித்துக்கொள்ளும் கோயில்பிள்ளை சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஒரு பொட்டலத்தை சிஸ்டரிடம் நீட்டினார். சரிதான், கூட்டுக் களவு. பழைய சுரூபச் சிலைகளுக்கு வெளியூரில் எவ்வளவு கிராக்கி என்று சந்தியாகுவுக்குத் தெரியும். இவரும் இப்படித்தான் என்றால் இனி யாரிடம் போய்க் கேட்பது?

மூன்றாவது, செம்மணல் தேரிக்காட்டில் கூரை இல்லாமல் நின்ற இடிந்த கோயில். எல்லாரும் இறங்கிப் போனார்கள். சிஸ்டரின் பை சீட்டிலேயே இருந்தது. சந்தியாகு செருப்பைத் தேடுவதுபோல் குனிந்து பையைத் திறந்தார்.

உள்ளே மெழுகுவத்தித் துண்டுகள். விடாமல் எண்ணினார்.

திரும்பி வந்து பையை எடுத்துப்போன சிஸ்டர், இடிந்த பீடத்தில் துண்டுகளை ஒட்டி ஏற்றினார். பின்னாலேயே போன சந்தியாகு நின்று பார்த்தார்.

"கூட்டம் வந்தா இடம் வேணும்னு பாதியிலேயே அணைச்சுடுறாங்க, அண்ணாச்சி. யாரோ வேண்டிக்கிட்டு ஏத்தினது. குப்பையில போடக் கோயில்பிள்ளைக்கு மனசு வராது. சாமியார் பார்த்தா திட்டுவார்னு ஒளிச்சுத் தர்றார்."

காற்றில் அணையாமல் சந்தியாகு சுடரைக் கையால் மறைத்துப் பிடித்தார்.

"முதல் கோயில்ல மாதா கையில என்ன இருந்தது?" என்றார் சிஸ்டர்.

"கவனிக்கலை, சிஸ்டர்."

"ரெண்டாவது கோயிலுக்கு எத்தனை கோபுரம்?"

"தெரியலை."

"பையில எத்தனை துண்டு?"

"இருபத்து மூணு." வாய் முந்திக்கொண்டது. வெட்கம் பிடுங்கித் தின்றது. "என்னைச் சேர்த்துக்க மாட்டீங்க, இல்லையா?" என்றார்.

சிஸ்டர் காலிப் பையை உதறி அவர் கையில் கொடுத்தார்.

"அடுத்த மாசம் நீங்க தூக்குங்க, அண்ணாச்சி. வேன்ல யாராவது ஒருத்தர் உங்களையே சந்தேகமா பார்த்துக்கிட்டு வருவாங்க."