திறக்காத உடுப்பும் மாரப்பன் கல்யாணமும்

அந்த போட்டோவுல மாப்பிள்ளை ஏன் திண்டு தலகாணி மாதிரி நிக்கறாருன்னுதானே கேட்டீங்க? அது ரேஸ் உடுப்புங்க. முறையா தரச் சான்று வாங்கினது. உள்ள இருக்கறவன் எங்க டெய்லர் மாரப்பன். பக்கத்துல மாலையோட இருக்கறது துளசிமணி, அவன் சம்சாரம். பின்னால இரும்பு ரேக்கு தெரியுது பாருங்க, அது மண்டபத்து ரேக்கு இல்ல. உக்காருங்க. அயன் பெட்டி சூடாகறதுக்குள்ள சொல்லிப்போடறேன்.

எங்களுது திருப்பூர்ல ஒரு சின்ன பனியன் கம்பெனி. முதலாளி நாச்சிமுத்து, கட்டிங் மாஸ்டர் கிட்டுசாமி, தையலுக்கு மாரப்பன், அயனுக்கு நான். பனியன்னா கண்ணைக் கட்டி விட்டாலும் தெச்சுருவோம். தலைக்கு ஒரு ஓட்டை, கைக்கு ரெண்டு, அடியில பெருசா ஒண்ணு. அதுக்கு மேல மூளைக்கு வேலை வந்ததில்லீங்க.

ஆர்டர் இல்லாம மிஷின் மேல தூசி படிஞ்சு கெடந்த நேரம் அது. மாரப்பனுக்கு வெள்ளிக்கிழமை முகூர்த்தம். அவன் மாமனார் வந்து மிஷின் மேல வெரலால கோடு போட்டுப் பார்த்துட்டு, "கம்பெனி ஓடுனா கல்யாணம் நடக்கும், மாப்ளே. இல்லீனா பொண்ணு எங்கூட்லயே இருந்துக்கட்டும்"னு சொல்லிட்டுப் போயிட்டாரு. மாரப்பன் அன்னிக்கு பூரா தண்ணிகூடக் குடிக்கல.

அப்பத்தான் கோயமுத்தூர் பக்கம் கோ-கார்ட் டிராக் நடத்தறவர் ஒருத்தர் வந்தார். கோ-கார்ட்டுன்னா தரையோட தரையா போற குட்டி ரேஸ் வண்டி. கூரை கெடையாது, கதவு கெடையாது. கவுந்தா ஓட்டறவன் ரோட்டுல தேச்சுக்கிட்டே போவான். அதனால தோல் தேயாம இருக்க மொத்தமா ஒரு உடுப்பு போடணுமாம். "தரச் சான்று வாங்கிட்டீங்கன்னா என்ற டிராக்குக்கு வேணுங்கற உடுப்பு அத்தனையும் நீங்கதான் தெக்கறீங்க"ன்னு சொல்லி, விதிகளைக் குடுத்துட்டுப் போனார்.

ராப்பள்ளிக்கூடத்துல படிச்சவன் நான் ஒருத்தன்தான்கறதால வாசிக்கற பொறுப்பு எனக்கு வந்துச்சு.

"கழுத்துல இருந்து மணிக்கட்டு வரைக்கும், கணுக்கால் வரைக்கும் மூடியிருக்கணும். விபத்து நேரத்துல எங்கயும் திறந்துக்கக் கூடாது"ன்னு வாசிச்சேன்.

கிட்டுசாமி கத்திரியைக் கீழ வெச்சார். "விபத்து எந்நேரத்துல வரும்?"

"அது யாருக்குங்க தெரியும்?"னார் முதலாளி.

"அப்ப எந்நேரமும் திறக்கக் கூடாது."

அதுல தப்புக் கண்டுபிடிக்க எங்களால முடியலீங்க.

"அப்ப ஜிப்பு?"ன்னான் மாரப்பன்.

"ஜிப்போட தொழில் என்ன?"

"திறக்கறதுங்க."

"திறக்கறதையே தொழிலா வெச்சிருக்கறதை உடுப்புல வெச்சுட்டு, திறக்காதுன்னு நாம எப்படிச் சொல்றது?"

"மூடறதும் அதோட தொழில்தானுங்களே மாஸ்டர்?"

"திருடன்கூடத்தான் போறப்ப கதவைச் சாத்திட்டுப் போறான்."

ஜிப்பு தோத்துப்போச்சு. பட்டன் பேச்சை யாரும் எடுக்கவே இல்லை.

ரெண்டு மடிப்பா தடித் துணி வாங்கி, நல்ல செவப்புல, ஜிப்பு இல்லாம தெச்சு முடிச்சோம். பார்க்க லட்சணமா இருந்துச்சு. உள்ள போறதுக்குத்தான் வழியில்லை. தெச்சது எம் சைஸு, அதான் மீடியம். அதுக்கு மாரப்பன் உடம்பு கச்சிதமா இருந்ததால அவனைத்தான் நுழைச்சுப் பார்த்தோம். கழுத்து வழியா ஒரு காலை விட்டான், அது கை வழியா வெளிய வந்துச்சு. "பாதி வேலை முடிஞ்சுது"ன்னார் முதலாளி. மீதிப் பாதி நடக்கல.

சாயங்காலம் டீ குடிக்கறப்ப கிட்டுசாமிக்கு யோசனை வந்துச்சு. "நாம தப்பு பண்ணிட்டோம். உடுப்பைத் தெச்சுட்டு மனுசனைப் போடறோம். மொதல்ல மனுசனை வைக்கணும். அப்பறம் அவனைச் சுத்தித் தெக்கணும்."

"கழட்டறது எப்படிங்க?"ன்னேன் நான்.

"கழட்டறதைப் பத்தி விதியில ஏதாவது போட்டிருக்குதா?"

புரட்டிப் பார்த்தேன். போடலீங்க.

மாரப்பனை கட்டிங் டேபிள்ல மல்லாக்கப் படுக்க வெச்சுத் தெச்சோம். "மாஸ்டர், வெள்ளிக்கிழமை எனக்குக் கல்யாணமுங்க"ன்னு மட்டும் அவன் சொல்லிக்கிட்டே இருந்தான். "சோதனை முடிஞ்சதும் ஒரே வெட்டு, வெளிய வந்துருவே"ன்னார் கிட்டுசாமி. ஒண்ணுக்குப் போறது எப்படின்னு மட்டும் கேக்காதீங்க. அதைப் பத்தியும் விதியில ஒரு வரி கெடையாது.

சான்று குடுக்கற ஆபீசர் வந்தார். நல்ல மனுசன். எதையும் விதியில கை வெச்சுப் பார்த்துட்டுத்தான் மூச்சே விடுவார். மாரப்பனைச் சுத்திச் சுத்தி வந்து ஜிப்பைத் தேடினார்.

"எங்க திறக்குது?"

"திறக்காதுங்க"ன்னு முதலாளி நெஞ்சை நிமித்தினார்.

ஆபீசருக்குக் கண்ணே கலங்கிருச்சு. "என் சர்வீஸ்ல நூத்துக்கு நூறு திறக்காத உடுப்பை இப்பத்தான் பார்க்கறேன்"னு சொல்லி, கையில இருந்த அட்டையில ஒரு டிக் போட்டார். "அடுத்தது உரசல் சோதனை. ஆபீஸ் மிஷின் ரிப்பேர். ரோடு ரிப்பேர் இல்லையே?"

மொபெட்டுல கயிறு கட்டி மாரப்பனை இழுக்கறதா ஏற்பாடு. கிட்டுசாமிக்கு மனசு கேக்கல.

"புது உடுப்புங்க சார். ரோட்டுல இழுத்தா தேஞ்சுராதுங்களா?"

"தேயக் கூடாது. தேஞ்சா சான்று கெடையாது."

"கேட்டுக்குங்க, தேயக் கூடாதாம்!"னு உள்ள ஓடினார். ஒரு பழைய மெத்தையையும் ரெண்டு சாக்கையும் கொண்டாந்து உடுப்புக்கு மேல சுத்திக் கட்டினார். முதலாளி தன்னோட மழைக்கோட்டையும் குடுத்தார். இழுத்தோம். வளைவுல மழைக்கோட்டு போச்சு, சாக்கு போச்சு, ரோடு பூரா மெத்தைப் பஞ்சு. உடுப்பு மட்டும் அயன் போட்ட மாதிரி அப்படியே இருந்துச்சு.

ஆபீசர் குனிஞ்சு பார்த்தார். "உடுப்பு தேயல."

"சாக்குதானுங்க தேஞ்சுது"ன்னேன் நான், உண்மையைச் சொல்லிரலாம்னு.

"சாக்கைச் சோதிக்க நான் வரல"ன்னு சொல்லி, மாரப்பன் முதுகுல முத்திரையைக் குத்தினார்.

நாங்க கை தட்டினோம். மாரப்பன் உருண்டு எந்திரிச்சு, "மாஸ்டர், கத்திரி"ன்னான். கிட்டுசாமி கத்திரியை நீட்டறப்ப ஆபீசர் குறுக்க கையை வெச்சார்.

"சான்று வாங்கின உடுப்புல கத்திரி பட்டாலும் ஊசி பட்டாலும் சான்று ரத்து."

முதலாளி ஒவ்வொரு வெரலா மடக்கினார். "வெட்டினா சான்று போச்சு. சான்று போனா ஆர்டர் போச்சு. ஆர்டர் போனா கம்பெனி போச்சு. கம்பெனி போனா உன்ற மாமனார் பொண்ணைக் குடுக்க மாட்டாரு. மாரப்பா, உடுப்பு கம்பெனியுது, கல்யாணம் உன்னுது. நீயே சொல்லு."

மாரப்பன் கத்திரியைப் பார்த்தான், முத்திரையைத் திரும்பிப் பார்க்க முயற்சி பண்ணினான், முடியல. "கத்திரியை உள்ள வைங்க மாஸ்டர். இப்படியே கட்டிக்கறேன்"னான்.

"கட்டிக்கலாம். ஆனா மாதிரி உடுப்பு, அதாவது சாம்பிள், எங்க ஆபீஸ்லதான் இருக்கணும், சான்று காலாவதி ஆகற வரைக்கும்"னார் ஆபீசர்.

"உள்ள ஆள் இருக்கறானுங்களே?"ன்னார் முதலாளி.

ஆபீசர் விதியைப் புரட்டினார். "மாதிரி உடுப்புக்குள்ள என்ன இருக்கணும்னு போடல. என்ன இருக்கக் கூடாதுன்னும் போடல." அப்படியே ஜீப்புல ஏத்திட்டுப் போயிட்டார்.

வெள்ளிக்கிழமை முகூர்த்தம் சான்று ஆபீஸ்ல, சாம்பிள் வெக்கற ரூம்ல நடந்துச்சு. ஒரு பக்கம் ஹெல்மெட்டு, ஒரு பக்கம் கையுறை, நடு ரேக்குல மாப்பிள்ளை. பட்டு வேட்டியை உடுப்புக்கு மேலயே கட்டிவிட்டாங்க. சீர் நடத்தி வைக்க வந்த அருமைக்காரர் ரேக்கைப் பார்த்துட்டு, "இத்தனை கல்யாணம் பண்ணி வெச்சிருக்கேன், மாப்பிள்ளையைக் கீழ எறக்க ஏணி கேட்டது இதுதான் மொதல்"னார்.

மாமனாருக்கு ஒரே குழப்பம். "ஏனுங்க ஆபீசர், எம்புள்ளை மாப்பிள்ளையைத் தொடலாங்களா?"

"கத்திரி, ஊசிதான் கூடாது. கை படலாம்."

துளசிமணி சிரிச்சுட்டா. "விடுங்கப்பா. ரோட்டுல போட்டு இழுத்தாலும் தேயாத மாப்பிள்ளை நம்மூர்ல வேற யாருக்கு வாச்சுது? எங்கயும் ஓடியும் போக மாட்டாரு. கேட்டா ரேக்கு நம்பர் சொல்லுவாங்க." அப்ப எடுத்ததுதானுங்க அந்த போட்டோ. அவ இப்ப தினமும் கேரியர்ல சோறு கொண்டுபோறா. மாரப்பன் ஒரு சுத்து பெருத்துட்டான். உடுப்பு திறக்கல. ஆபீசர் அதையும் ஒரு டிக் போட்டு வெச்சிருக்கார்.

கம்பெனி இப்ப ஜோரா ஓடுது. ரேஸ் ஓட்டறவங்க நேரா இங்க வந்து டேபிள்ல படுத்துத் தெச்சுக்கிட்டுப் போறாங்க. கழட்டறது அவங்க பாடு. கத்திரி போட்டா தரத்துக்கு நாங்க பொறுப்பில்லைன்னு வாசல்லயே சொல்லி அனுப்பிருவோம். ஒரே ஒரு சிக்கல், இது வரைக்கும் எம் சைஸுக்கு மட்டும்தான் சான்று. ஒவ்வொரு சைஸுக்கும் தனித்தனியா மாதிரி குடுக்கணுமாம். தொப்பை உள்ளவங்களும் ரேஸ் ஓட்டறாங்களே, அந்த சைஸுக்கு ஆள் தேடி கிட்டுசாமி ஊரெல்லாம் அலைஞ்சார். அப்பறம் ஒரு நாள் நான் அயன் பண்றதைப் பக்கவாட்டுல நின்னு பார்த்தார்…

"அயன்காரரே! எங்க போயிட்டீங்க? துணி விரிச்சாச்சு, டேபிள் காலி, ஆபீசரும் ஜீப்போட வந்துட்டாரு!"

கேட்டீங்களா, கூப்பிடறாங்க. வர்றேனுங்க. மிச்சத்தைக் கேக்கணும்னா சான்று ஆபீசுக்கு வாங்க, மாரப்பனுக்கு மேல் தட்டுல இருப்பேன். இந்த அயன் பெட்டியை மட்டும் கொஞ்சம் அணைச்சுடுங்க.

"இதோ வந்துட்டேன் மாஸ்டர்! ஆபீசரை ஒரு நிமிசம் இருக்கச் சொல்லுங்க, ஒண்ணுக்குப் போயிட்டு வந்துடறேன்!"